30 வாரம், வீட்டிலிருந்தபடியே: இயேசுவின் பாடுகளையும் உயிர்ப்பையும் தியானிக்க ஒரு பயிற்சி

2024 அக்டோபர் முதல் வாரத்தில் தொடங்கி 2025 மே முதல் வாரத்தில் நிறைவடைந்த ஒரு தியானத் தொடரைப் பற்றி எழுதுகிறேன். திண்டுக்கல் பக்கத்தில் உள்ள ஒரு தியான இல்லத்தார் இதை நடத்துகிறார்கள். நான் சேர்ந்தபோது பதிவுக் கட்டணம் 600 ரூபாய். வாரத்துக்கு ஒரு தியானத் தாள் கொடுக்கிறார்கள். வாரம் ஒரு முறை வழிகாட்டியுடன் முக்கால் மணி நேரம் தனியே பேச வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு பிற்பகல் எல்லாரும் கூடுகிறோம். மற்றபடி எங்கும் போய்த் தங்க வேண்டியதில்லை. வேலையையும் வீட்டையும் விடாமல், நாள்தோறும் 40 நிமிடம் தியானமும் இரவில் 10 நிமிடம், அன்றைய நாளைத் திரும்பிப் பார்க்கும் ஆன்ம சோதனையும் செய்தால் போதும்.

நான் ஏன் சேர்ந்தேன் என்பதைச் சொன்னால்தான் என் மதிப்பீடு புரியும். என் மாமியார் பக்கவாதத்தில் விழுந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வலப்பக்கம் அசைவில்லை, பேச்சும் குழறும். படுக்கைப்புண் வராமல் இருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். கஞ்சியைப் புரையேறாதபடி, நிமிர்த்தி உட்காரவைத்து, கரண்டி கரண்டியாக ஊட்ட வேண்டும். நான் பள்ளி ஆசிரியை; கணவருக்கு வெளியூரில் வேலை. தவக்கால வெள்ளிக்கிழமைச் சிலுவைப்பாதை ஒன்றைக்கூடத் தவறவிடாத குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் பதினான்கு நிலைகளின் செபங்களும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் மாலையில் கோவிலில் முழந்தாளிட்டுக் கண்ணீர் விட்ட நான், அன்று இரவு இரண்டு மணிக்கு அத்தை முனகியபோது பல்லைக் கடித்துக்கொண்டுதான் எழுந்தேன். ஆண்டவருடைய பாடுகளுக்காக அழுகிற எனக்கு, பக்கத்து அறையில் கிடக்கிறவருடைய பாடு ஏன் வெறும் தொல்லையாகத் தெரிகிறது என்ற உறுத்தல்தான் என்னை இந்தப் பயிற்சிக்குக் கொண்டுவந்தது.

இதற்கு முன் வேறொரு பெரிய செபக் கூட்டத்துக்கு அத்தையைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போயிருக்கிறேன். நோயாளி எழுந்து நடக்கவில்லை என்றால் வீட்டாருடைய விசுவாசக் குறைவே காரணம் என்று மேடையிலிருந்து சொன்னார்கள். பேச முடியாதவருக்குக் காது நன்றாகக் கேட்கும் என்பதை அந்தப் போதகர் நினைத்துப் பார்க்கவில்லை. அன்று இரவு அத்தை கஞ்சிக்கு வாய் திறக்கவில்லை. அந்த வேதனையோடுதான் இந்த இல்லத்தின் வாசலுக்கும் போனேன். இங்கே முதல் சந்திப்பில் வழிகாட்டியான அருட்சகோதரி கேட்டது, அத்தையின் பெயர் என்ன என்பதைத்தான்.

பயிற்சியின் மூலம், பின்னாளில் இயேசு சபையை நிறுவிய லொயோலா இஞ்ஞாசியாருடையது. 1521-இல் ஸ்பெயினின் பம்ப்லோனாக் கோட்டைப் போரில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் முறிந்து படுக்கையில் கிடந்த போர்வீரர் அவர். அடுத்த ஆண்டு மன்ரேசாவில் தவத்திலும் செபத்திலும் தாம் கண்டுணர்ந்ததைக் குறிப்புகளாக எழுதத் தொடங்கியபோது அவர் குருவும் அல்லர், துறவியும் அல்லர் என்பது என்னைப் போன்ற பொதுநிலையினருக்கு ஆறுதலான செய்தி. 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுல் அந்தப் பயிற்சி நூலுக்கு ஒப்புதல் அளித்தார். முழுமையாகச் செய்தால் ஏறத்தாழ 30 நாள் தனிமையில் இருக்க வேண்டும். அதை நான்கு 'வாரங்கள்' என்று பிரித்திருக்கிறார்கள். மூன்றாவது கிறிஸ்துவின் பாடுகளுக்கும் இறப்புக்கும் உரியது, நான்காவது உயிர்ப்புக்கு உரியது. வேலையை விட்டு வர இயலாதவர்கள் நாளுக்கு ஒன்றரை மணி நேரம் ஒதுக்கித் தம் இடத்திலிருந்தே செய்யலாம் என்று நூலின் பத்தொன்பதாம் முன்குறிப்பில் அவரே வழி வைத்திருக்கிறார். எங்கள் இல்லத்தார் அந்த நேரத்தை இன்னும் குறைத்திருக்கிறார்கள். கண்டிப்பானவர்கள் இதைக் குறையாகச் சொல்லக்கூடும்; வீட்டில் நோயாளியை வைத்திருப்பவள் என்ற முறையில் நான் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன்.

தொடக்க மாதங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாவம், மன்னிப்பு, அழைப்பு, இயேசுவின் பிறப்பு, பணி வாழ்வு என்று ஒழுங்காக நகர்ந்தன. தாள்கள் பயனுள்ளவை, சில நாள் தூங்கியும் போனேன். தவக்காலம் தொடங்கிய 2025 மார்ச் 5-ஐ ஒட்டிப் பாடுகளின் பகுதி வந்தது. இந்தச் சேவையின் தரம் எனக்குத் தெரிந்தது அங்கேதான்.

முறை எளியது. ஒரு நற்செய்திப் பகுதியை எடுத்து, இடத்தைக் கண்முன் நிறுத்தி, அங்கே இருப்பவர்களைப் பார்த்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, கடைசியில் நண்பரிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேச வேண்டும். துயருறும் கிறிஸ்துவோடு துயரத்தையும், நொறுங்கிய கிறிஸ்துவோடு நொறுங்குதலையும் வரமாகக் கேட்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். பரிதாபப்படுவது வேறு, கூட இருப்பது வேறு என்பது எனக்கு இந்த வேண்டுதலைத் திரும்பத் திரும்பச் சொன்னபோதுதான் விளங்கியது. பாடுகளின் பகுதி தொடங்கிய இரண்டாம் வாரத்தில், இயேசு பிடிபடுமுன் செபித்த கெத்சமனித் தோட்டம் வந்தது. ஒரு மணி நேரம்கூட என்னோடு விழித்திருக்க முடியவில்லையா என்று இயேசு கேட்கிறார். வலியை நீக்கச் சொல்லிச் சீடர்களை அவர் கேட்கவில்லை, விழித்திருக்கத்தான் கேட்கிறார். இரவு இரண்டு மணிக்கு நான் செய்யக்கூடியதும் அது ஒன்றுதான்.

சீரேன் ஊர் சீமோனைத் தியானிக்க எனக்கு ஐந்து நாள் தேவைப்பட்டது. தாளில் ஒரு நாள்தான் கொடுத்திருந்தார்கள். பலன் கிடைக்கிற இடத்தில் தங்கிவிடலாம், அவசரம் வேண்டாம் என்று அருட்சகோதரி அனுமதித்தார். மாற்கு எழுதியபடி அவர் வயல்வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு வழிப்போக்கர். அலக்சாந்தர், ரூபு என்று இரண்டு பிள்ளைகளின் தகப்பன். அவர் விரும்பிச் சிலுவையைத் தூக்கவில்லை, பிடித்து நிறுத்திச் சுமத்தினார்கள். நானும் இந்தச் சுமையைக் கேட்டு வாங்கவில்லை, மூத்த மருமகள் என்பதால் என் தலையில் விழுந்தது, விருப்பமில்லாமல் தூக்குகிறதெல்லாம் சிலுவையாகுமா என்று அருட்சகோதரியிடம் கேட்டேன். அவர் உடனே பதில் சொல்லவில்லை. "சீமோன் முகத்தைப் பார்த்தீங்களே, ஆண்டவர் அவரை எப்படிப் பார்த்தார்னு பார்த்தீங்களாம்மா?" என்று மட்டும் கேட்டார். மறுநாள் அதைப் பார்த்தேன். குறுக்குக் கட்டையின் பின்முனையைப் பிடித்திருந்தவரை முன்னால் போகிறவர் திரும்பிப் பார்த்த பார்வையில் கண்டிப்பு இல்லை. உதவி பெற்றவருடைய நன்றிதான் இருந்தது. அன்று அத்தையைத் திருப்பிப் படுக்கவைத்தபோது அவர் இடக்கை என் முந்தானையைப் பிடித்துக்கொண்டது. தினமும் பிடித்திருக்க வேண்டும், நான்தான் கவனித்ததில்லை.

சிலுவையைச் சுமந்து பின்செல்லச் சொல்லும் வசனத்தை மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் எழுதியிருக்கிறார்கள். 'நாள்தோறும்' என்ற சொல் லூக்காவில் மட்டுமே இருக்கிறது. கொல்கொதாவில் இயேசுவைச் சிலுவையில் அறைந்தது ஒரு முறை நடந்து முடிந்தது. என் பங்கு நாள்தோறும் நடப்பது என்று அந்த ஒரு சொல்லை வைத்து இரண்டு வாரத் தியானம் கொடுத்திருந்தார்கள். இந்தத் தாள்களை எழுதியவர் வேதாகமத்தை உற்றுப் படித்தவர் என்பதற்கு இது ஒன்றே போதும்.

பாடுகளை அன்றாட வாழ்வுக்குப் பொருத்துகிற போதனையில் ஓர் ஆபத்து இருக்கிறது. யார் எதைச் செய்தாலும் பொறுத்துக்கொள், அதுதான் உன் சிலுவை என்று நம் பெண்களுக்குச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ அநியாயத்தை மூடியிருக்கிறோம். மார்ச் மாதக் கூட்டத்தில் ஒருவர், குடித்துவிட்டு வந்து கணவர் அடிப்பதைச் சிலுவையாக ஏற்றுக்கொள்ளப் பழகிவிட்டதாகச் சொன்னார். தலைமைக் குருவின் வீட்டில் காவலர் ஒருவர் கன்னத்தில் அறைந்தபோது இயேசு என்ன செய்தார் என்று அருட்சகோதரி யோவான் 18-ஐத் திறந்து எல்லாருக்கும் முன்பாக வாசித்தார். நான் சொன்னது தவறானால் எது தவறு என்று காட்டு, சரியானால் ஏன் அடிக்கிறாய் என்று இயேசு அந்தக் காவலரைக் கேட்டார். அன்புக்காகத் தாமாகக் கையளித்த உயிர் வேறு, ஒருவருடைய வன்முறைக்கு உடம்பைக் கொடுத்துக்கொண்டிருப்பது வேறு என்று அருட்சகோதரி தெளிவாகச் சொல்லிவிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சட்ட உதவி கிடைக்கும் இடத்தையும் தனியே அழைத்துச் சொன்னார். இந்த ஒரு பிற்பகலுக்காகவே இந்தப் பயிற்சியை நான் யாருக்கும் பரிந்துரைப்பேன்.

ஏப்ரல் 20, உயிர்ப்பு ஞாயிறு. பெரிய வெள்ளிக்கு வெயிலில் நின்று சிலுவையை முத்தி செய்யும் கூட்டத்தையும், உயிர்ப்புத் திருப்பலி முடிந்த மறுநாள் ஆளில்லாத கோவிலையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். துயரத்தில் ஆண்டவரோடு நிற்கப் பழகியிருக்கிற அளவுக்கு அவருடைய மகிழ்ச்சியில் நிற்க நமக்குப் பழக்கமில்லை. இஞ்ஞாசியார் இதை அறிந்திருந்தார் போலும். உயிர்த்தவர் முதலில் தம் தாய்க்குத் தோன்றியதைத் தியானிக்கச் சொல்கிறார். நற்செய்தியில் அப்படி எழுதப்படவில்லையே என்பார்க்கும் அவர் பதில் வைத்திருக்கிறார். அதோடு, நண்பர் நண்பரைத் தேற்றுவதுபோலக் கிறிஸ்து தேற்றுகிறவராக வருவதைப் பார்க்கச் சொல்கிறார். நான்காம் வாரத்தில் வெளிச்சத்தையும் பருவத்தின் இதத்தையும்கூட மகிழ்ச்சிக்குத் துணையாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று எழுதியிருக்கிறார். அத்தை படுத்திருந்த அறையின் கிழக்குச் சன்னலை அன்று திறந்தேன். கொசு வரும் என்று நான்கு ஆண்டுகளாக அடைத்தே வைத்திருந்த சன்னல் அது.

யோவான் 21-ஐ அதிகாலை நான்கரைக்கு, கஞ்சிக்கு உலை வைத்துவிட்டு அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து தியானித்தேன். திபேரியக் கடற்கரையில் உயிர்த்த ஆண்டவர் கரித்தீ மூட்டி, அதன்மேல் மீன் வைத்து, அப்பமும் வைத்திருக்கிறார். இரவெல்லாம் வலை வீசிக் களைத்துப் போனவர்களுக்குக் காலை உணவு சமைத்துக் கொடுக்கிறார். யோவான் நற்செய்தியில் கரித்தீ இன்னோர் இடத்தில் மட்டும்தான் வருகிறது: தலைமைக் குருவின் முற்றத்தில், பேதுரு குளிர்காய்ந்துகொண்டே ஆண்டவரை மறுதலித்த இடத்தில். அதே புகை வாசனை பேதுருவின் மூக்கில் ஏறியிருக்கும். மறுதலித்த தீயின் அருகிலேயே மூன்று முறை 'என்னை அன்பு செய்கிறாயா' என்ற கேள்வி வருகிறது. எனக்கும் ஓர் இரவு நினைவுக்கு வந்தது. இரண்டாண்டுகளுக்கு முன் அத்தை கூப்பிடக் கூப்பிட, அதே அடுப்படியில் மிக்சியைத் தேவையில்லாமல் ஓடவிட்டுக் காதில் விழாததுபோல நின்றிருந்தேன். அதை அதுவரை பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. அன்று காலை கஞ்சி ஊட்டும்போது அத்தையிடமே சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது; கரண்டியை மறுக்காமல் வாங்கிக்கொண்டார்.

அத்தை நடக்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு எழுவதும் நிற்கவில்லை. உயிர்த்தவருடைய கைகளில் காயங்கள் அப்படியே இருந்ததைத் தோமாவோடு சேர்ந்து நானும் பார்த்துவிட்டதால், மாற்றம் எங்கே என்று கேட்பவர்களிடம் இதைச் சொல்ல இப்போது எனக்குத் தயக்கமில்லை. எழுந்திருக்கும்போது முன்புபோலப் பல்லைக் கடிப்பதில்லை, பெரும்பாலான நாட்களில்.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். பாடுகளுக்கு ஏறத்தாழ ஏழு வாரம் கொடுத்தவர்கள் உயிர்ப்புக்கு இரண்டே வாரம் ஒதுக்கியிருந்தார்கள். திருச்சபையோ உயிர்ப்புக் காலத்தை 50 நாள் கொண்டாடுகிறது. 2025-இல் அது ஜூன் 8, தூய ஆவியார் பெருவிழா வரை நீண்டது. உயிர்த்தவர் இரண்டு சீடரோடு நடந்த எம்மாவு வழியை ஒரே நாளில் ஓடிக் கடக்க வேண்டியிருந்தது எனக்கு மிகுந்த வருத்தம். தொடரை ஒரு மாதம் நீட்டினாலோ, முதல் மாதங்களில் சிலவற்றைச் சுருக்கினாலோ இதைச் சரிசெய்யலாம். நடத்துபவர்களிடமும் நேரில் சொல்லியிருக்கிறேன். தாள்களில் சில பகுதிகள் மொழிபெயர்ப்பு நடையில் இறுகிக் கிடக்கின்றன. இரண்டு மூன்று முறை படித்தால்தான் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்பது தெரிகிறது. எழுத்தும் சிறியது, வயதானவர்கள் கூட்டத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். தனிச் சந்திப்பைச் சனிக்கிழமை காலையில் வைத்தது வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒத்துவராது. கேட்டபின் எனக்குத் தொலைபேசியில் பேச ஒப்புக்கொண்டார்கள், ஆனால் கேட்கத் தயங்கி இருவர் நடுவிலேயே நின்றுவிட்டார்கள்.

குணமளிக்கும் கூட்டத்தையோ உணர்ச்சி பொங்கும் பாடல்களையோ எதிர்பார்ப்பவர்களுக்கு இது ஏற்றதன்று. அண்மையில் பெரிய இழப்பைச் சந்தித்தவர்கள் சேருமுன் வழிகாட்டியிடம் மனம்விட்டுப் பேசிக்கொள்வது நல்லது, ஏனென்றால் பாடுகளின் வாரங்கள் உள்ளே இருப்பதையெல்லாம் கிளறிவிடும். சேருபவர்கள் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தியானம் முடிந்ததும் நாலு வரி எழுதாவிட்டால் வாரச் சந்திப்பில் சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அடுத்த தொடர் மீண்டும் அக்டோபரில் தொடங்குகிறது. எதிர்வீட்டு அக்கா பெயர் கொடுத்திருக்கிறார். அவர் கூட்டத்துக்குப் போகும் ஞாயிறுகளில் அவருடைய அப்பாவை நான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறேன்.