ரூரல் ஸ்டூடியோவும் இருபதாயிரம் டாலர் வீடும்: பெறுபவர் பக்கம் நின்று ஒரு மதிப்பீடு

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், ஹேல் கவுண்டி என்னும் மாவட்டத்தைச் சேர்ந்த நியூபெர்ன் 200 பேருக்கும் குறைவானோர் வாழும் சிற்றூர். ஆபர்ன் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் 1993 முதல் இந்த வட்டாரத்திலேயே தங்கி, வசதியற்ற குடும்பங்களுக்கு வீடுகளையும் ஊருக்குப் பொதுக் கட்டடங்களையும் வடிவமைத்து, தங்கள் கையாலேயே கட்டியும் கொடுத்து வருகிறார்கள். சாமுவேல் மாக்பீயும் டி. கே. ரூத்தும் தொடங்கிய இந்த ரூரல் ஸ்டூடியோவுக்குப் பரிசுகளும் பாராட்டும் ஏராளம். மாக்பீக்கு மக்ஆர்தர் நல்கை 2000-இலும், அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் தங்கப் பதக்கம் மறைவுக்குப் பின் 2004-இலும் கிடைத்தன. அவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு, வீட்டைப் பெறுகிறவரின் பக்கம் நின்று பார்த்தால் இந்தச் சேவை எவ்வளவு தேறும் என்பதையே இங்கே எடைபோட முயல்கிறேன்.

ஸ்டூடியோவின் பெயரை உலகறியச் செய்தவை அதன் தொடக்ககாலக் கட்டடங்கள். பழைய கார்களின் முன்கண்ணாடிகளைக் கூரையாக அடுக்கிய, ஹேல் கவுண்டியின் மேசன்ஸ் பெண்ட் பகுதியிலுள்ள சமூகக் கூடம் 2000-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதே பகுதியில் 2002-இல் எழுந்த ஒரு வீட்டின் சுவர்கள், 72,000 தரைவிரிப்புத் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி அடுக்கிச் செய்யப்பட்டவை. படத்தில் பார்த்தாலே வியப்பூட்டும் கட்டடங்கள் இவை. ஆனால் ஒரு கண்ணாடி விரிசல் விட்டால் அதே ரகத்தை எங்கே போய்த் தேடுவது, ஊரில் உள்ள எந்தத் தச்சர் அதைப் பொருத்தித் தருவார் என்று கேட்டால் வியப்பு சற்றுத் தணிகிறது. அடுத்த வீட்டுக்காரர் பார்த்துத் தானும் அப்படியே கட்டிக்கொள்ள இயலாத வீடு, ஒரு குடும்பத்துக்கு நல்ல கொடையாகலாம். அந்த வட்டாரத்தின் வீட்டுப் பிரச்சினைக்கு விடையாகாது.

2001-இன் இறுதியில் மாக்பீ மறைந்தபின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ ஃப்ரியரின் காலத்தில் ஸ்டூடியோ இந்த இடத்தில்தான் திசை மாறியது. 2005-இல் தொடங்கிய '20கே வீடு' (இருபதாயிரம் டாலர் வீடு) திட்டம் வடிவத்தை விட்டுவிட்டுக் கணக்கிலிருந்து புறப்பட்டது. அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியத்தை மட்டும் நம்பி வாழும் ஒருவர் மாதாமாதம் திருப்பிச் செலுத்தக்கூடிய வீட்டுக்கடன் ஏறக்குறைய 20,000 டாலர். பொருள், கூலி, ஒப்பந்ததாரரின் லாபம் எல்லாம் அதற்குள் அடங்கும்படி ஒரு வீட்டை வரைய முடியுமா என்பது கேள்வி. அந்த விலையில் அங்கே கிடைக்கும் மாற்று, தொழிற்சாலையில் செய்து இழுத்துவந்து நிறுத்தும் டிரெய்லர் வீடு. அது காரைப் போல வாங்கிய நாள் முதலே மதிப்பிழக்கும். ஆண்டுதோறும் மாணவர்கள் முந்தைய ஆண்டின் வரைபடத்தைத் திருத்தித் திருத்தி எழுப்பிய இந்தச் சிறு வீடுகளில் கண்ணைப் பறிக்கும் எதுவும் இல்லை. தூண்களின்மேல் உயர்த்திய மரத்தளம், தகரக் கூரை, எதிரெதிர் சன்னல்களால் ஊடோடும் காற்று, வெயிலிலும் மழையிலும் உட்காரத் தோதான முன் தாழ்வாரம், அவ்வளவுதான். ஸ்டூடியோ இதுவரை செய்தவற்றுள் மிகச் சிறந்தவை இவைதான் என்பேன்.

சிறப்பு இப்படியிருக்க, சந்தைக்குள் நுழைந்ததும் கணக்கு குலைந்தது. ஜார்ஜியா மாநிலத்தின் செரன்பி குடியிருப்பில் 2016-இல் இரண்டு வீடுகளை ஸ்டூடியோவுக்கு வெளியே தொழில்முறைக் கட்டுநர்களைக் கொண்டு கட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பொருட்செலவு ஏறத்தாழ 14,000 டாலர். கூலியும் அடித்தளமும் கட்டட விதிகள் கோரியவையும் சேர்ந்தபோது மொத்தச் செலவு அதைப்போலப் பல மடங்காகிவிட்டது. மாணவர் உழைப்புக்குக் கூலி இல்லை என்பதும், ஹேல் கவுண்டியில் வீடுகள் நன்கொடையால் இலவசமாகத் தரப்படுகின்றன என்பதும் 20,000 என்ற எண்ணுக்குப் பின்னால் மறைந்திருந்தவை. அந்த எண்ணை இன்றும் விலைப்பட்டியல் போல மேற்கோள் காட்டுகிறவர்கள் இதைச் சேர்த்துச் சொல்வதில்லை.

கட்டடக்கலையோடு நிற்காமல் பல துறைகள் கூடி ஆராய்வதற்கு இங்கே பொருள் கிடைத்தது அந்தச் சறுக்கலுக்குப் பிறகுதான் என்று தோன்றுகிறது. வீடு சிறியதென்றால் வங்கி தயங்குகிறது. கடன் தொகை சிறிதானால் அதைக் கையாளும் செலவே கட்டுப்படியாகாது. பத்திரம் பிரிக்காமல் தலைமுறைகளாகக் கூட்டாக அனுபவித்துவரும் நிலத்தை ஈடாக ஏற்க மாட்டார்கள். இவற்றுக்குப் பென்சிலில் விடை இல்லை. ஆகவே 'ஃப்ரண்ட் போர்ச்' என்ற முன்னெடுப்பின்வழி, வீட்டுக்கடன் நிறுவனங்கள், காப்பீட்டுத் துறையினர், 'ஹேபிடட் ஃபார் ஹியூமானிட்டி' போன்ற வீட்டுவசதி அமைப்புகள் ஆகியோரோடு ஸ்டூடியோ வேலை செய்கிறது. அலபாமாவின் ஓபிலைகா நகரில் ஒரே வரைபடத்தின்படி இரண்டு வீடுகளை இருவேறு எரிசக்தித் தரங்களில் கட்டி, கூடுதலாகச் செலவிடும் தொகை மின்கட்டணத்தில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று அளந்தார்கள். ஆபர்னின் கட்டுமானவியல் மாணவர்களுக்கும் அதில் பங்குண்டு. புயலைத் தாங்கும் கூரைக்குச் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டால் காப்பீட்டுத் தவணை குறையும் என்பதும் இப்போது வடிவமைப்பின் ஒரு பகுதி. கட்டும் விலையை விட்டு, குடியிருக்கும் விலையைக் கணக்கிடத் தொடங்கியது பெரிய முன்னேற்றம்.

மண்ணுக்கடியிலும் ஒரு சிக்கல் உண்டு. பிளாக் பெல்ட் எனப்படும் இப்பகுதியின் களிமண் தண்ணீரை உறிஞ்சாது. செப்டிக் டேங்க் வைத்தாலும் கழிவுநீர் மேலே பொங்கி வரும், முறையான ஏற்பாட்டுக்கு வீட்டின் விலையில் பாதிக்கு மேல் கேட்பார்கள். பிற பல்கலைக்கழகங்களின் பொறியாளர்களோடு சேர்ந்து, பல வீடுகளுக்குப் பொதுவான சிறிய கழிவுநீர் அமைப்பை உருவாக்கும் முயற்சியிலும் ஸ்டூடியோ இறங்கியிருக்கிறது. கட்டடக்கலைப் பள்ளி ஒன்று கழிவுநீர்க் குழாயைத் தன் பாடமாக எடுத்துக்கொள்வது அரிது.

சமூகத்தோடு ஒன்றுபடுதல் என்பதில்தான் என் ஐயம் எஞ்சியிருக்கிறது. 2004-இல் மாணவர்கள் கட்டிய தீயணைப்பு நிலையமும், சைப்ரஸ் மரக்கட்டைகளை அடுக்கி 2011-இல் எழுப்பிய நகர மன்றமும், பழைய வங்கிக் கட்டடத்தைப் புதுப்பித்த நூலகமும் நியூபெர்னுக்கு ஒரு நடுவிடத்தைத் தந்தன. ஆனால் கறுப்பினத்தவர் பெரும்பான்மையான அவ்வூரில் அதற்குமுன் பல பத்தாண்டுகளாக உள்ளூர்த் தேர்தலே நடக்காமல் இருந்தது. 2020-இல் முதல் கறுப்பின மேயரான பாட்ரிக் ப்ராக்ஸ்டன், தம்மை அதே நகர மன்றத்துக்குள் நுழையவிடாமல் பூட்டிவிட்டார்கள் என்று கூறி வழக்குத் தொடுக்க நேர்ந்தது. 2024-இல் உடன்பாடு ஏற்பட்ட பின்னரே அவர் பதவி உறுதிப்பட்டது. இதற்கு ஸ்டூடியோவைப் பொறுப்பாளியாக்குவது நியாயமன்று. எனினும் 'ஊரோடு சேர்ந்து கட்டினோம்' என்று ஒரு பள்ளி சொல்லும்போது, ஊர் என்று யாரைக் கேட்டார்கள், யார் கேட்கப்படவில்லை என்று வினவும் உரிமை நமக்கு உண்டு.

இத்தகைய முயற்சியைத் தம் கல்லூரியில் தொடங்க விரும்புவோர் கவனிக்க வேண்டியது ஸ்டூடியோவின் கால அளவை. ஒரு பருவத்துக்கு வந்து, கருத்துக்கணிப்பு நடத்தி, சுவரொட்டி ஒட்டிவிட்டுக் கிளம்பும் திட்டம் அன்று இது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே வட்டாரத்தில் இருந்து, முன்பு கட்டியது ஒழுகுகிறதா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கும் நிலை அவர்களுக்கு இருக்கிறது. ஐந்தாம் ஆண்டு மாணவர் குழுக்கள் பட்டம் பெற்ற பின்னும் கட்டடம் முடியும்வரை தங்குவது வழக்கம்.

நேரில் பார்க்க எண்ணுவோருக்கு: வீடுகளில் மக்கள் குடியிருக்கிறார்கள், ஆகையால் நியூபெர்னின் பொதுக் கட்டடங்களோடும் அருகிலுள்ள கிரீன்ஸ்பரோவின் லயன்ஸ் பூங்காவோடும் நிறுத்திக்கொள்வதே முறை. வரைபடத்தைத் தனியொருவர் விலைக்கு வாங்கி வீடு கட்டிக்கொள்ளும் வழி இல்லை. ஸ்டூடியோவோடு இணைந்து செயல்படும் வீட்டுவசதி அமைப்புகளின் வழியாகவே அந்த வீடு ஒருவருக்குக் கிடைக்கும்.