பின்மூடியின் படம் பார்க்காமல் சீக்கோ 6139 வாங்காதீர்கள்

கடந்த மாதம், 1969ஆம் ஆண்டுத் தயாரிப்பு என்று இணையவழி விற்பனையாளர் ஒருவர் உறுதியளித்த சீக்கோ 6139 க்ரோனோகிராஃப் (நிறுத்தற்கடிகார வசதி உள்ள) கைக்கடிகாரத்தை 38,000 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். பழைய ஜப்பானியக் கடிகாரம் தேடுகிற வேறொருவருக்கும் இது நேரக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

என்னை மயக்கியது டயலில் இருந்த ‘வாட்டர் 70 மீ ப்ரூஃப்’ (70 மீட்டர் வரை நீர் புகாது) என்ற வாசகம்தான். 1969இல் இந்த மாடல் முதன்முதலில் வந்தபோது டயலிலும் பின்மூடியிலும் ‘ப்ரூஃப்’ என்றே இருந்தது. 1970 வாக்கில் சீக்கோ அச்சொல்லைக் கைவிட்டு ‘ரெசிஸ்ட்’ என்று மாற்றியது. இரண்டு இடத்திலும் ‘ப்ரூஃப்’ உள்ளவற்றைச் சேகரிப்பாளர்கள் தனியாகத் தேடி, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். பின்மூடியின் படம் கேட்டேன். ஒட்டியிருக்கும் தாளைப் பிரித்தால் கீறல் விழும் என்றார், நானும் நம்பிவிட்டேன்.

கடிகாரம் வந்ததும் தாளை உரித்தால், மூடியில் ‘ரெசிஸ்ட்’. கேட்டதற்கு, மாற்றம் நடந்த காலத்தில் பழைய டயலும் புதிய மூடியும் சேர்ந்து வந்ததுண்டு என்றார். அப்படிப்பட்டவை உண்மையிலேயே உண்டு என்பதால் ஒரு நாள் முழுக்கக் குழம்பினேன். குழப்பத்தைத் தீர்த்தது மூடியில் பொறித்திருந்த வரிசை எண். சீக்கோவின் வரிசை எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். இரண்டாவது மாதம், அதில் நவம்பருக்கு ‘N’, டிசம்பருக்கு ‘D’ என்ற எழுத்துகள். என் கடிகாரத்தின் எண் ‘3N’ என்று தொடங்குகிறது. 6139 இயந்திரமே 1969இல்தான் வந்தது என்பதால் இது 1963 ஆக முடியாது, 1973 நவம்பர்தான். சொல் மாறி மூன்று ஆண்டுகள் கழிந்த பிறகு வந்த மூடி அது. மூடி மட்டும் வேறொரு கடிகாரத்திலிருந்து எடுத்து மாட்டியது என்றே வைத்துக்கொண்டாலும், ‘எல்லாம் அசல்’ என்று அவர் எழுதிக் கொடுத்தது பொய்யாகிறது.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோனேன். லென்ஸில் பார்த்தபோது டயலின் எழுத்துகள் தடித்து, மை ஓரங்களில் கசிந்திருந்தது. மீண்டும் வண்ணம் பூசி அச்சிட்ட டயல் என்று அவர் சொன்னார். மூடியைத் திறக்கும் கருவி பிடிக்கும் பள்ளங்களின் விளிம்புகளும், பாலிஷ் போட்டுத் தேய்த்ததில் மழுங்கிப்போயிருந்தன.

பணம் கொடுக்கும் முன், வரிசை எண் முழுதும் தெரியும்படி மூடியின் படத்தைக் கேளுங்கள். தாள் ஒட்டியிருக்கிறது என்று யாராவது சொன்னால் அங்கேயே விலகிவிடுங்கள். என் விற்பனையாளர் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார், இப்போது பதிலும் எழுதுவதில்லை.