எட்டுத் துண்டு பிளாஸ்டிக் மூளையும் அதில் இல்லாத வாயுவும்

கண்டியில் ஒரு கடையில் வாங்கிய மூளை மாதிரியுரு. எட்டுத் துண்டு, நிஜ அளவு, 14,500 ரூபாய். பழைய மாணவர்கள் சேர்த்துத் தந்த காசு என்பதால் தலவாக்கலை வந்து சேரும்வரை பெட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை. உயர்தர உயிரியல் வகுப்பில் ஒன்பது பிள்ளைகளோடு நான்கு மாதம் பயன்படுத்திவிட்டு எழுதுகிறேன். தோட்டப்புறப் பாடசாலைகளில் இதை வாங்க யோசிக்கும் ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

துண்டுகள் காந்தத்தில் ஒட்டுகின்றன, பிடி தளரவில்லை. பார்வைப் பாடத்துக்குச் சிவப்புக் கம்பளி நூல் ஒன்றைக் கண் நரம்பில் கட்டி, நரம்புகள் குறுக்கே மாறும் இடம், மூளையின் நடுவே செய்திகளைக் கடத்திவிடும் தலமசு, கடைசியில் மூளையின் வெளிப்படையான மேற்பட்டையின் பின்மண்டைப் பகுதி என்று பிள்ளைகளையே இழுத்து ஒட்டச் சொன்னேன். "அப்ப நாம பிடரியாலயா பாக்குறோம் டீச்சர்?" என்று ஒருத்தி கேட்டாள். பதினாறு வருடமாகக் கரும்பலகையில் படம் வரைகிறேன், இந்தக் கேள்வி வந்ததில்லை. இதற்கே காசு தகும்.

குறைகளும் உண்டு. பெட்டியைத் திறந்தபோதே ஒரு கண் நரம்பு முறிந்திருந்தது. கடைக்காரர் மாற்றித் தரவில்லை, பசை போட்டு ஒட்டினேன். தலமசு வெறும் சாம்பல் நிற உருண்டை. பார்வைக்கு முக்கியமான லெட்டரல் ஜெனிகுலேட் கரு என்ற நரம்புக் கலத் திரள், முழங்கால் மடிந்ததுபோல் இருப்பதால் அந்தப் பெயர், அதில் குறிக்கப்படவே இல்லை. நகப்பூச்சால் நானே ஒரு புள்ளி வைத்தேன்.

ஆனால் என்னை உறுத்தியது வேறொன்று. நூலை ஒட்டிப் பழகிய பிள்ளைகள் மூளையை மின்கம்பி இணைப்பாகவே நினைக்கத் தொடங்கினார்கள். கண்ணிலிருந்து செய்தி வரும், ஜெனிகுலேட் அதை அப்படியே மேலே தள்ளிவிடும், தபால் கந்தோர்போல. உண்மையில் அந்தக் கருவிலிருந்து மேற்பட்டைக்குச் செய்தி கடத்தும் கலங்களுக்கு வரும் நரம்பிணைப்புகளில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் விழித்திரையிலிருந்து வருகிறது. மிச்சம் மேற்பட்டையிலிருந்தும் மூளைத்தண்டிலிருந்தும் அக்கம்பக்கத்துக் கலங்களிலிருந்தும். மூளைத்தண்டிலிருந்து வரும் நார்கள் அசற்றைல்கோலின் என்ற நரம்புச் செய்தி வேதிப்பொருளோடு நைத்திரிக் ஒட்சைட்டையும் வெளியிடுகின்றன.

இந்தப் பெயரைச் சொன்னதும் வகுப்பு திகைத்தது. மின்னலில் உண்டாவது, வாகனப் புகையில் இருப்பது, அமில மழைக்குக் காரணம் என்று படித்த வாயு மூளைக்குள் என்ன செய்கிறது? ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலத்திலிருந்து ஒரு நொதியம் அதைத் தேவைப்படும் நேரத்தில் தயாரிக்கிறது. சேமித்து வைக்கப் பையும் இல்லை, வெளியேற வாசலும் இல்லை. கலமென்சவ்வை ஊடுருவிப் போய்விடும். இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் சமிக்ஞை இதுதான் என்று காட்டியதற்காக 1998இல் ஃபர்ச்கொட், இக்னாரோ, முராட் மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இதை விளக்க மாதிரியுருவை ஓரமாக வைத்துவிட்டு, தேயிலைத் தொழிற்சாலையையும் (ஸ்டோர்) தோட்டத்து வரிசை வீடுகளையும் (லயம்) உதாரணமாக எடுத்தேன்.

"ஸ்டோர்ல ட்ரையர் ஓடுனா தேயிலை வாசம் லயத்துக்கு வருதே, அது ரோட்டு வழியாவா வருது?"

"இல்ல டீச்சர், எல்லாப் பக்கமும் வரும்."

"கதவு சாத்தியிருந்தா?"

"தகர இடுக்குல வந்துரும்."

அதேதான். ஆனால் நைத்திரிக் ஒட்சைட்டு என்ற இந்த வாசம் பக்கத்து லயத்தோடு நின்றுவிடும், சில நொடிகளில் மறைந்தும் போகும். எல்லாக் கலமும் அதைப் பொருட்படுத்துவதில்லை. குவானிலைல் சைக்கிளேசு என்ற நொதியம் உள்ள கலத்தில் அது கலத்துக்குள் செய்தி சொல்லும் சைக்கிளிக் ஜீ.எம்.பி. என்ற மூலக்கூற்றைக் கூட்டுகிறது. அதன்பின் அந்தக் கலத்தின் மின் இயல்பே மாறுகிறது. 1992இல் தலமசுக் கலங்களில் செய்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. தூக்கத்தில் இவை கொத்துக்கொத்தாகத் துடிக்கும். நைத்திரிக் ஒட்சைட்டு அந்தச் சந்தத்தைத் தணித்து, வரும் செய்தியைக் கடத்தும் விழிப்பு நிலைக்குக் கலத்தைக் கொண்டுவருகிறது.

1994இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் வெளியிட்ட பூனைப் பரிசோதனையைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொல்லச் சொன்னார்கள். மயக்க நிலையிலிருந்த பூனைகளின் ஜெனிகுலேட் கருவில் மட்டும் இந்த வாயுவைத் தயாரிக்கும் நொதியத்தைத் தடுத்தார்கள். கண்ணும் நரம்பும் அப்படியே இருந்தன, ஒளியும் விழுந்தது. ஆனாலும் கலங்களின் பதில் தணிந்தது. "நூல் அறுந்து போகலயே டீச்சர்!" என்றான் பின்வரிசைப் பையன். நான்கு மாதத்தில் நான் கேட்ட மிகச் சிறந்த வாக்கியம் அது. மேற்பட்டையில் கதை இவ்வளவு நேரானது இல்லை. அங்கே சில கலங்களின் பதில் கூடுகிறது, சிலவற்றில் குறைகிறது. அதை வகுப்பில் தொட்டுவிட்டு நகர்ந்தேன்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். பாதையைக் காட்ட இதைவிட நல்ல பொருள் இந்த விலையில் நான் பார்க்கவில்லை. பாதையில் போகும் செய்தி ஏன் ஒரு நேரம் உரத்தும் ஒரு நேரம் தணிந்தும் போகிறது என்பதை இது காட்டாது, அதற்கு ஒரு தனிப் பாடவேளை ஒதுக்குங்கள். வாங்கும்போது பெட்டியைக் கடையிலேயே திறந்து இரண்டு கண் நரம்புகளையும் தொட்டுப் பாருங்கள். நகப்பூச்சு வைப்பதென்றால் அடர் நிறம் எடுங்கள். மூடுபனி நாளில் கரண்ட் இல்லாத வகுப்பில் என் இளஞ்சிவப்புப் புள்ளி பின்வரிசைக்குத் தெரியவில்லை.