பி.டெஸ்: அகமதாபாத் என்ஐடியா, பம்பாய் ஐஐடியா?

பி.டெஸ் என்பது வடிவமைப்பில் இளநிலைப் பட்டம். அதைத் தரும் என்ஐடி (NID, தேசிய வடிவமைப்பு நிறுவனம்), ஐஐடி இரண்டும் அரசு நிறுவனங்கள். படிப்பும் நான்கு ஆண்டுதான். வித்தியாசம் வாசலிலேயே தொடங்கிவிடும். ஐஐடிக்கு யூசீட் (UCEED) என்ற நுழைவுத் தேர்வு: ஒரே நாள், மூன்று மணி நேரம், பெரும்பகுதி கணினியில், கூடவே தாளில் வரையும் பகுதி. என்ஐடியோ முதல்நிலையைத் தாண்டியவர்களை ஸ்டுடியோ தேர்வுக்கு அழைக்கும். களிமண், கம்பி, அட்டை என்று எதையாவது கொடுத்து ஒரு பொருளைச் செய்யச் சொல்வார்கள். கோச்சிங்கில் மனப்பாடம் செய்த ஸ்கெட்ச் அங்கே பெரிதாக உதவாது.

1961இல் பிறந்த என்ஐடியில் அடித்தள ஆண்டு முடிந்ததும் துணி, பீங்கான்-கண்ணாடி, மரச்சாமான், அனிமேஷன் என ஒரு துறைக்குள் போய்விடுவீர்கள். தறிமுன் உட்கார ஆசையா? யோசிக்கவே வேண்டாம், என்ஐடிதான். செயலி, கருவி, பொறியியல் மாணவர்களோடு கூட்டு வேலை என்றால் ஐஐடி. அங்கே வடிவமைப்பு மையம் 1969இலேயே வந்துவிட்டது. இளநிலைப் படிப்பு 2015இல்தான்.