ஏற்காடு காட்டேஜும் என் கண்ணாடிப் பட்டையும்

2021இல் ஏற்காட்டில் ஒரு காட்டேஜுக்கு இணையதளம் செய்து கொடுத்தேன். மேலே உள்ள மெனுப் பட்டை பனி படர்ந்த கண்ணாடி போல இருக்க வேண்டும் என்பது என் ஆசை; காட்டேஜ்காரர் கேட்கவே இல்லை. இணையப் பக்கத்தின் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ்ஸில் அதற்கு ஒரு வரி போதும்: பேக்டிராப் ஃபில்டர், பிளர் 20 பிக்சல்; அதாவது, பின்னால் இருப்பதை அந்த அளவுக்கு மங்கலாக்கு. சேலத்தில் என் கணினியில், குரோமில், அழகாகவே இருந்தது.

இரண்டு மாதத்தில் போன் வந்தது. "தம்பி, மெனுவில் எழுத்தே தெரியவில்லையே?" அவர் வைத்திருந்தது ஃபயர்பாக்ஸ். அதில் இந்த வசதி 2022 ஜூலையில், 103ஆம் பதிப்பில்தான் தானாக இயங்கத் தொடங்கியது. அதுவரை அந்த வரியை அது கண்டுகொள்ளாது. பின்னணியில் காப்பிப் பூ, கொத்துக் கொத்தாக வெள்ளை. அதன்மேல் என் வெள்ளை எழுத்து. தப்பு என்னுடையதுதான். பட்டைக்கு அடர்பச்சை நிறத்தை அடிப்படையாக வைத்து, பிளர் இயங்கும் பிரவுசரில் மட்டும் அதை மெலிதாக்கும்படி 'சப்போர்ட்ஸ்' நிபந்தனை எழுதினேன். ஆப்பிளின் சஃபாரி பிரவுசருக்காக, வரியின் பெயருக்கு முன் 'வெப்கிட்' என்ற முன்னொட்டைச் சேர்த்தும் ஒரு முறை எழுதினேன்; அதன் தேவை 2024இல் வந்த 18ஆம் பதிப்போடுதான் தீர்ந்தது.

பெரிய அடி அடுத்து விழுந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளும் ஏறிப் போய், அவர் வீட்டுத் திண்ணையில் அவருடைய பழைய போனில் தளத்தைத் திறந்தேன். அறைகளுக்கான பன்னிரண்டு அட்டைகளிலும் அதே கண்ணாடி. விரலால் தள்ளினால் பக்கம் திக்கித் திக்கி நகர்ந்தது. பின்னால் உள்ளது நகரும்போதெல்லாம் பிரவுசர் மறுபடி மங்கலாக்க வேண்டும். பரப்பும் பிளர் அளவும் கூடக்கூட வேலையும் கூடும். அட்டைகளுக்கு, முன்பே மங்கலாக்கிய சிறிய படங்களை வைத்துவிட்டேன். பட்டையில் 20ஐ 8 ஆக்கினேன். வித்தியாசத்தை இதுவரை யாரும் சொல்லவில்லை.

ஓர் இரவையே தின்ற சிக்கல் ஒன்றும் உண்டு. பட்டைக்குள்ளிருந்து விரியும் துணை மெனுவுக்கும் பிளர் கொடுத்தேன். பக்கம் மங்கவே இல்லை. தாய் உறுப்பில் (இங்கே பட்டை) பேக்டிராப் ஃபில்டர் இருந்தால், அதைத் தாண்டிப் பின்னால் இருப்பது அதற்குள் இருக்கும் பிள்ளைக்குத் (துணை மெனுவுக்கு) தெரியாது. பிளரைப் பட்டையிலிருந்து எடுத்து அதன் 'பிஃபோர்' போலி உறுப்பில், அதாவது சிஎஸ்எஸ்ஸே பட்டைக்குள் உருவாக்கித் தரும் ஒரு கூடுதல் உறுப்பில், போட்ட பிறகே சரியானது.

இப்போது கையில் இருப்பது செவ்வாய்ப்பேட்டை வெள்ளிக் கொலுசுக் கடை ஒன்றின் தளம். அதில் கண்ணாடியே வைக்கவில்லை. கொலுசு வாங்க வருகிறவர் முத்து வரிசையை எண்ணிப் பார்ப்பார்.