‘ஹார்ட் பேக்கேஜ்’ ரத்தப் பரிசோதனை: எதைக் கேட்டு வாங்கலாம், எதை விட்டுவிடலாம்

லேப்களில் ‘ஹார்ட் பேக்கேஜ்’, ‘கார்டியாக் ரிஸ்க் ப்ரொஃபைல்’ என்று பல பெயர்களில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனைத் தொகுப்பை எடுப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரே ஒரு கேள்விதான்: “எனக்கு அடைப்பு இருக்கிறதா? இருந்தால் எத்தனை சதவீதம்?” அதற்கு இந்தத் தொகுப்பில் பதில் கிடையாது. வேறு சில கேள்விகளுக்கு நல்ல பதில்கள் உண்டு. எது எதற்கு என்று தெரிந்து வாங்கினால் பயனுள்ள பொருள். தெரியாமல் வாங்கினால் கையில் மிஞ்சுவது பல வண்ணக் காகிதம்.

அடைப்பின் தீவிரத்தை மருத்துவர்கள் எப்படி அளக்கிறார்கள் என்று பார்த்தால் காரணம் புரியும். ஆஞ்சியோகிராம் படத்தை வைத்து மதிப்பெண் போடுவார்கள். ஜென்சினி முறையில் 50 சதவீத அடைப்புக்கு 2, 75-க்கு 4, 90-க்கு 8, முழு அடைப்புக்கு 32. பிறகு அது இருக்கும் இடத்துக்கு ஏற்ப ஓர் எண்ணால் பெருக்குவார்கள். இதயத்தின் இடது முன்புறக் குழாயின் தொடக்கத்தில் 90 சதவீதம் என்றால் 8 × 2.5 = 20. அதே 90 சதவீதம் அதன் முதல் டயகனல் கிளையில் இருந்தால் வெறும் 8. சின்டாக்ஸ் மதிப்பெண் இன்னும் நுணுக்கமானது. 1.5 மில்லிமீட்டருக்குக் குறையாத குழாய்களில் 50 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள அடைப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கிளை பிரியும் இடமா, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா, நீளம் எவ்வளவு என்றெல்லாம் பார்க்கும். 22 வரை குறைவு, 23 முதல் 32 வரை நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் அதிகம். இரண்டிலும் இடம்தான் முக்கியம். முழங்கையில் எடுத்த ரத்தத்துக்கு அந்த முகவரி எப்படித் தெரியும்?

“சிஆர்பி கூடினால் ஜென்சினி மதிப்பெண்ணும் கூடுகிறது”, “நியூட்ரோஃபில்–லிம்போசைட் விகிதம் தீவிரத்தைக் காட்டுகிறது” என்று ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றனவே என்று கேட்கலாம். (சிஆர்பி அழற்சியில் ஏறும் ஒரு புரதம்; நியூட்ரோஃபிலும் லிம்போசைட்டும் வெள்ளை அணு வகைகள்.) அவை சொல்வது பெரும்பாலும் குழுவின் சராசரியை. ஓர் அளவுக்கும் அடைப்பு மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பெண் (கோரிலேஷன்) 0.3 என்று வைத்துக்கொள்வோம். அதை வர்க்கப்படுத்தினால் 0.09. மதிப்பெண்ணில் ஆளுக்கு ஆள் தெரியும் வேறுபாட்டில் அந்த அளவு விளக்குவது 9 சதவீதத்தை மட்டுமே. நூறு பேரை இரண்டு கூட்டமாகப் பிரித்தால் வித்தியாசம் தெரியும். எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பற்றி எதுவும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த நியூட்ரோஃபில் விகிதம் சாதாரண சளி, காய்ச்சலுக்கும், ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஏறும். அதைத் தனிப் பரிசோதனையாகக் காட்டி விற்பது வேடிக்கை. சாதாரண ரத்த அணுக்கள் கணக்கிலேயே இரண்டு எண்களும் இருக்கின்றன, வகுத்துக்கொண்டால் போதும்.

இனி உள்ளே இருப்பவை.

லிப்பிட் ப்ரொஃபைல் (ரத்தக் கொழுப்புப் பரிசோதனை) கட்டாயம் வேண்டும். ஆனால் அதில் வரும் எல்டிஎல் (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) பல லேப்களில் நேரடியாக அளந்த எண் அல்ல, கணக்கிட்டது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ஹெச்டிஎல்-ஐயும் (‘நல்ல’ கொலஸ்ட்ரால்), ட்ரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பது 1972-இல் வந்த ஃப்ரீட்வால்ட் சூத்திரம். ட்ரைகிளிசரைடு 400-ஐத் (மி.கி./டெ.லி.) தாண்டினால் அது செல்லாது. அதற்குக் கீழேயும் ஏமாற்றும். மொத்தம் 180, ஹெச்டிஎல் 35, ட்ரைகிளிசரைடு 350 என்றால் எல்டிஎல் 75 என்று அழகாக வரும், கட்டமும் பச்சையாக இருக்கும். மொத்தத்திலிருந்து ஹெச்டிஎல்-ஐ மட்டும் கழித்துப் பாருங்கள்: 145. குழாய்ச் சுவரில் படியக்கூடிய கொழுப்பு முழுவதும் அந்த 145-க்குள் இருக்கிறது. இந்த ‘நான்-ஹெச்டிஎல்’ எண்ணை எல்டிஎல் இலக்கோடு 30 கூட்டி ஒப்பிட வேண்டும். தனிச் செலவில்லாத இந்தக் கழித்தல் கணக்கைச் சில ரிப்போர்ட்டுகள் போடுவதே இல்லை. மாறாக, ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்த விஎல்டிஎல், மூன்று நான்கு விகிதங்கள் ஆகியவற்றைத் தனித்தனிப் பரிசோதனையாக எண்ணி, ‘இத்தனை டெஸ்ட்’ என்று கணக்குக் காட்டுகிறார்கள்.

தொகுப்பில் அப்போ-பி இருந்தால் அதற்காகவே எடுக்கலாம். ரத்தக்குழாய்ச் சுவருக்குள் நுழையும் ஒவ்வொரு கொழுப்புத் துகளிலும் ஒரே ஒரு அப்போ-பி மூலக்கூறுதான் உண்டு. ஆகவே அதை அளந்தால் துகள்களின் எண்ணிக்கையே கிடைத்துவிடும். சர்க்கரை நோய், தொப்பை, ஏறிய ட்ரைகிளிசரைடு உள்ளவர்களுக்குத் துகள் சிறியதாகி, ஒவ்வொன்றும் சுமக்கும் கொலஸ்ட்ரால் குறைந்துவிடும். எல்டிஎல் நார்மல் என்று வரும், துகள்களோ ஏராளம். வெறும் வயிறும் தேவையில்லை. 2019-இன் ஐரோப்பிய வழிகாட்டலில் மிக அதிக ஆபத்து உள்ளவர்களுக்கு 65-க்குக் கீழே, அதிக ஆபத்து என்றால் 80-க்குக் கீழே (மி.கி./டெ.லி.) என்பது இலக்கு.

எல்பி(ஏ) (லிப்போபுரோட்டீன்-ஏ, எல்டிஎல் போன்ற ஒரு கொழுப்புத் துகள்) வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும். பெரும்பாலும் மரபணு தீர்மானிக்கும் அளவு அது. சாப்பாட்டாலும் நடைப்பயிற்சியாலும் பெரிதாக மாறாது, ஸ்டேட்டினும் (கொலஸ்ட்ரால் மாத்திரை) குறைக்காது. 50 மி.கி./டெ.லி. அல்லது 125 நானோமோல்/லிட்டருக்கு மேல் இருந்தால் ஆபத்து கூடுதல். இங்கே நடக்கும் தவறு, ஒரு லேபின் மி.கி. எண்ணை இன்னொரு லேபின் நானோமோல் எண்ணோடு ஒப்பிடுவது. இந்தத் துகளின் புரதம் ஆளுக்கு ஆள் வேறு எடையில் இருப்பதால் ஒரே எண்ணால் பெருக்கி மாற்ற முடியாது. நானோமோலில் தரும் லேப் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள். வருடா வருடம் எடுக்கும் தொகுப்பில் இதைச் சேர்த்திருந்தால், இரண்டாம் வருடத்திலிருந்து நீக்கச் சொல்லலாம். நீக்கிக் கொடுப்பார்களா என்பது வேறு.

ஹெச்எஸ்-சிஆர்பி பற்றி ஒரு எச்சரிக்கை. 1-க்குக் கீழே குறைந்த ஆபத்து, 1 முதல் 3 நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம் (மி.கி./லிட்டர்). ஆனால் பல் ஈறு வீங்கினாலும் ஏறும், முட்டி அழற்சிக்கும் ஏறும். 10-க்கு மேல் வந்தால் அது இதயத்தைப் பற்றியதே அல்ல என்று வைத்துக்கொண்டு, தொற்று ஆறிய பின் மறுபடி எடுக்க வேண்டும். நியாயமாக இரண்டு வார இடைவெளியில் இரண்டு தடவை எடுத்துச் சராசரி பார்ப்பதே முறை. ஒரே சாம்பிளில் தீர்ப்புச் சொல்லும் தொகுப்பு அரைகுறை. பெயரில் ‘ஹெச்எஸ்’ இருக்கிறதா என்றும் பாருங்கள். சாதாரண சிஆர்பி இந்தச் சின்ன எண்களை நம்பகமாக அளக்காது.

ஹோமோசிஸ்டீனை (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்) நான் விட்டுவிடுவேன். அளவு கூடியவர்களுக்கு நோய் கூடுதல் என்பது உண்மை. ஆனால் ஃபோலிக் அமிலமும் பி-12-உம் கொடுத்து அதைக் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் (நார்விட், ஹோப்-2, இரண்டும் 2006) மாரடைப்பு குறையவில்லை. போதாததற்கு, எடுத்த ரத்தம் அறை வெப்பத்தில் கிடந்தால் சிவப்பணுக்களிலிருந்து ஹோமோசிஸ்டீன் கசிந்து, மணிக்குச் சுமார் 10 சதவீதம் ஏறும். பனிக்கட்டியில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும். வீடு வீடாகப் போய் சாம்பிள் எடுப்பவரின் பையில் ஐஸ் பெட்டி இருக்கிறதா என்று பார்த்தாலே அந்த எண்ணின் தரம் தெரிந்துவிடும்.

எண்டி-ப்ரோபிஎன்பி இதயச் சுவர் இழுபடுவதைக் காட்டும், குழாயை அல்ல. மூச்சுத்திணறல், கால் வீக்கம் இருந்தால் அருமையான சோதனை. வயதும் சிறுநீரகக் கோளாறும் ஏற்றும், உடல் பருமன் இறக்கும். ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) வேண்டும், ஆனால் இரும்புச்சத்து குறைந்தவருக்கு அது பொய்யாக ஏறும் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சிகே-எம்பி (இதயத் தசை நொதி) பழைய காலத்துச் சோதனை, நலமாக இருப்பவருக்கு வேண்டவே வேண்டாம்.

சாம்பிள் எடுப்பதில் நடக்கும் பிசகுகள் ரிப்போர்ட்டில் தெரியாது. கையில் கட்டும் ரப்பர் பட்டை ஒரு நிமிடத்துக்கு மேல் இறுகியிருந்தால் ரத்தம் செறிந்து கொலஸ்ட்ரால் ஏறிக் காட்டும். நெடுநேரம் படுத்திருந்துவிட்டுக் கொடுத்தால் இறங்கிக் காட்டும். ஐந்து பத்து நிமிடம் உட்கார்ந்த பின், ஒவ்வொரு முறையும் அதே நிலையில் கொடுங்கள். முடி, நகத்துக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அதிக அளவு பயோட்டின் சில கருவிகளில் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2017-இலேயே எச்சரித்தது. ஸ்டேட்டின் புதிதாகத் தொடங்கியவர் 4 முதல் 12 வாரத்துக்குள் லிப்பிட் மட்டும் திரும்பப் பார்த்தால் போதும், முழுத் தொகுப்பு தேவையில்லை.

கடைசியாக ட்ரோபோனின். எந்தத் தொகுப்பிலும் பெயர் பெரிய எழுத்தில் இருப்பது இதுதான், தவறான இடத்தில் இருப்பதும் இதுதான். இதயத் தசை காயப்பட்டால் கசியும் புரதம் இது. தசைக்கு இன்னும் சேதம் வராதவரை, 80 சதவீத அடைப்பு உள்ளவருக்கும் நார்மலாக வரலாம். அதைப் பார்த்து நிம்மதியாகப் போகிறவர்தான் இந்தத் தொகுப்பால் நஷ்டப்படுபவர். சிறுநீரக நோயிலும், இதயத் தசை அழற்சியிலும், மாரத்தான் ஓடிய பிறகும் ஏறும் என்பது மறுபக்கம். ஒரே எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதில்தான் செய்தி. அதனால்தான் மருத்துவமனையில் வந்தவுடன் ஒன்றும், ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் இன்னொன்றும் எடுக்கிறார்கள். நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை இருந்தால் லேபுக்குப் போன் செய்யக் கூடாது. ஆம்புலன்ஸை அழைத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அங்கே 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுப்பார்கள். மறுநாள் காலை மின்னஞ்சலில் வரும் ட்ரோபோனினுக்கு அந்த இடத்தில் வேலையில்லை.

மதிப்பெண்: லிப்பிட், அப்போ-பி, ஹெச்பிஏ1சி, ஒரே ஒரு தடவை எல்பி(ஏ) உள்ள சின்னத் தொகுப்புக்கு ஐந்துக்கு நான்கு. ட்ரோபோனின், சிகே-எம்பி, ஹோமோசிஸ்டீன் சேர்த்து ஊதிய பெரிய தொகுப்புக்கு இரண்டு. ‘அடைப்பு சதவீதம்’ என்று ரத்தத்திலிருந்து ஓர் எண்ணைப் போட்டுத் தரும் ரிப்போர்ட்டுக்குப் பூஜ்யம்.