தனியாகப் போய் ஆடலாம்: டோக்கியோவின் கோசாரு

டோக்கியோவில் பந்து உதைக்க இடம் தேடியவர்களுக்குத் தெரியும். பல பூங்காக்களில் பந்து விளையாடத் தடை என்று பலகை இருக்கும், பள்ளி மைதானங்கள் பூட்டிக் கிடக்கும். குமரி மாவட்டம் தூத்தூர் கடற்கரை மணலில், நேரம் காலம் இல்லாமல் வெறுங்காலில் ஆடி வளர்ந்த எனக்கு இங்கே கைகொடுத்தது கோசாருதான். ஃபுட்சால் என்பது சின்ன கோர்ட்டில் அணிக்கு 5 பேர் ஆடும் கால்பந்து. அந்தக் கோர்ட் வைத்திருப்பவர்கள் தனி ஆட்களுக்காக நடத்தும் ஆட்டம்தான் கோசாரு. ஆள் சேர்க்க வேண்டாம். போனில் பெயர் பதிந்து, காசு கட்டினால் போதும். பெரும்பாலும் 2 மணி நேரம். நான் போகும் இடங்களில் 1,500 யென்னிலிருந்து 2,500 யென் வரை வாங்குகிறார்கள்.

உள்ளே போனதும் ஊழியர் ஒரு வலை பனியனை நீட்டுவார். அந்த நிறம்தான் உங்கள் அணி. கோட்டு சூட்டில் வந்த ஆபீஸ்காரர் ஓரமாக நின்று டையைக் கழற்றி, நான்காக மடித்துப் பையில் வைத்துவிட்டு, அடுத்த நிமிடமே ஷார்ட்ஸில் வந்து நிற்பார். எல்லோரும் லேசாகக் குனிந்து ‘ஒனேகாய்ஷிமாஸ்’ (தயவுசெய்து பார்த்துக்கொள்ளுங்கள் என்பது போல) சொன்னதும் விசில். 5 பேருக்கு 5 பேர், ஆறேழு நிமிட ஆட்டம், அப்புறம் அடுத்த அணி. கோல் வாங்கினால் கீப்பர் மாற வேண்டும் என்பது நான் ஆடும் இடத்து வழக்கம், அதனால் யாரும் கோல்போஸ்ட்டிலேயே மாட்டிக்கொள்வதில்லை. சறுக்கித் தடுக்கக் கூடாது. தெரியாமல் கால் பட்டால்கூட எதிராளி கையைத் தூக்கி மன்னிப்பு கேட்கிறார். ஊரில் இதற்கெல்லாம் ஆட்டமே நின்று, பஞ்சாயத்து நடந்திருக்கும்.

பந்து 4ஆம் சைஸ், அதிகம் எகிறாது. இங்கே ஆடுபவர்கள் பாதத்தின் அடியால் அமுக்கி நிறுத்தி, ஒரே தட்டில் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். நீளமாக உதைத்து ஓடிப் பழகிய கால்களுக்கு இது வேறு பாடம். ஆணி வைத்த பூட்ஸ் அனுமதி இல்லை. செயற்கைப் புல்லுக்கு டர்ஃப் ஷூ, உள்ளரங்கத்துக்குத் தரையில் கோடு விழாத அடிப்பாகம் உள்ள ஷூ.

குறை இல்லாமல் இல்லை. ‘பிகினர்’ (புதியவர்களுக்கு), ‘என்ஜாய்’ (ஜாலியாக ஆட), ‘மிக்ஸ்’ (ஆண், பெண் சேர்ந்து ஆட) என்று வகை பிரித்திருப்பார்கள், ஆனால் வாரநாள் இரவு ‘என்ஜாய்’ ஆட்டத்துக்குப் பள்ளி அணியில் ஆடியவர்கள் கும்பலாக வந்து நிற்பார்கள். புதிதாகப் போகிறவர் ‘பிகினர்’ எடுப்பது உத்தமம். எங்கள் பக்கத்தில் ஒரு இடத்தில் ஒரே கோர்ட்டுக்கு 4 அணி வரை ஆள் சேர்க்கிறார்கள். காசு கட்டிய நேரத்தில் பாதி பெஞ்சில் உட்கார்வதற்கே போகிறது. 3 அணி என்றால் சரி, முன்பதிவுப் பக்கத்தில் எத்தனை பேர் வரை சேர்ப்பார்கள் என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். அன்றைக்கே ரத்து செய்தால் முழுக் காசையும் பிடித்துக்கொள்ளும் இடங்களும் உண்டு.

நட்பு கிடைக்குமா என்று கேட்பவர்களுக்கு: எனக்கு இதுவரை இல்லை. 2 மணி நேரம் தோளில் தட்டி ‘நைஸ்’ என்று கத்தியவர், கடைசி விசிலுக்கு அப்புறம் ‘ஒத்சுகாரேசாமா’ (களைத்திருப்பீர்கள், நன்றி என்பது போல) சொல்லிவிட்டு சைக்கிளில் கிளம்பிவிடுவார். பெயர்கூடத் தெரியாது. ஆட்டம் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்து அதே கோலைப் பத்துத் தடவை பேசும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது கொஞ்சம் உப்புச் சப்பில்லாமல்தான் இருக்கும். எனக்கு ஆட்டம் போதும், அதனால் தொடர்ந்து போகிறேன்.

ஜப்பானிய மொழி அரைகுறையாக இருப்பதால் தயக்கம் என்றால் ஞாயிறு காலை ‘மிக்ஸ்’ போய்ப் பாருங்கள். பெண்கள் அடிக்கும் கோலுக்கு 2 புள்ளி தரும் இடங்கள் உண்டு. எல்லோரும் பந்தை அவர்களுக்கே கொடுக்கப் பார்ப்பதால் முரட்டு ஆட்டம் குறைவு. வெளிக் கோர்ட் என்றால் மாற்று சாக்ஸ் எடுத்துப் போங்கள், மழைக்கெல்லாம் சாதாரணமாக நிறுத்த மாட்டார்கள்.